அத்தியாயம் 7: கத்தரிக்கோல் இல்லாத வீட்டுக்கு ஒரு கைவினைப் பை

முதல் தடவை நாங்கள் கொடுத்த பையில் வண்ண அட்டை, அச்சடித்த பட்டாம்பூச்சிப் படம், ஒரு முழம் நூல், ஒரு விளக்கத்தாள் எல்லாம் இருந்தன. பார்க்க அழகாகவே இருந்தது. 40 பைகள் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டன. வாசகர் வட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பிரிக்காத பையோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றான்.

"எங்க வீட்ல கத்தரிக்கோல் இல்ல சார். அம்மா வந்ததும் அரிவாள்மனைல வெட்டித் தரேன்னாங்க. வந்ததும் தூங்கிட்டாங்க."

மறுநாளும் தூங்கிவிட்டார்களாம். அந்த வாரம் அவன் அம்மாவுக்கு இரவு ஷிப்ட்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பையன் சொன்ன பதிலிலிருந்து வந்தது. நூலகத்திலேயே உட்கார வைத்துச் செய்யச் சொல்லும் கைவினைக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். நூலகத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் யாரும் இல்லாமல் இருக்கலாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் ஒரகடத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களில் எத்தனை அப்பாக்கள், எத்தனை அம்மாக்கள்! இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் இன்னொரு கார் ஆலை. இவற்றோடு கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று வந்த எல்லாமே சேர்ந்து இந்த வட்டாரத்து வீடுகளின் கடிகாரத்தை மாற்றிவிட்டன. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் இருப்பதில்லை. இருக்கும் நேரத்தில் உறங்குகிறார்கள். ஆகவே குழந்தை தனியாக, சத்தம் போடாமல், ஒற்றை அறையின் தரையில் உட்கார்ந்து, வீட்டில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்கக்கூடிய வேலைதான் பைக்குள் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நூலகத்துக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நூலகம் வாசகரைத் தேடிப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவர் முயற்சியால் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளாட்சிக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. இந்தத் தொழிற்பேட்டைகளைச் சுற்றி எழும்பிய வாடகை வீடுகள் ஒவ்வொன்றின் வரியிலும் நூலகத்துக்கு ஒரு பங்கு உண்டு. அந்த வீட்டுக்குள் ஒரு காகிதப் பை போவதில் தவறில்லை.

எதைக் கொடுப்பது

மூன்று கேள்விகளில் தேறாத எதையும் எடுக்காதீர்கள். வெட்ட வேண்டுமா? கடையில் வாங்க வேண்டிய பசை வேண்டுமா? படிக்கத் தெரிந்தால்தான் புரியுமா? ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் அதை நூலகத்தில் வைத்துச் செய்யும் வகுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வெட்ட வேண்டியதை நீங்களே வெட்டிப் போடுங்கள். பசைக்கு வழி இருக்கிறது. சோற்றுப் பருக்கை. நம் பாட்டிமார் கடித உறை ஒட்டியது அதில்தான். காலையில் வடித்த சோறு மாலையில் பானையின் அடியில் கொஞ்சமாவது கிடக்கும். நான்கு பருக்கையை விரலால் நசுக்கித் தடவினால் காகிதத்தைக் காகிதம் விடாது. சிலர் மைதாப் பசை காய்ச்சி டப்பியில் போட்டுத் தருவதைப் பார்த்திருக்கிறேன். இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். புத்தகம் பைண்டிங் செய்பவர்களிடமும் சுவரொட்டி ஒட்டுபவர்களிடமும் வாங்கும் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள். அது நஞ்சு. குழந்தை கைக்கு அது போகவே கூடாது. துத்தம் இல்லாமல் காய்ச்சினால் நம் வெயிலுக்கு இரண்டாம் நாளே புளித்து நாறும். பருக்கையே மேல்.

எங்களுக்கு நன்றாகப் பலித்தவற்றில் முதலாவது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். இதற்குச் சொந்தக்காரர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி செய்யும் டெல்கோ ஆலையில் பொறியாளராக இருந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் கிராமப் பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்யப் போனார். அங்கே சந்தையில் கிடைத்த வால்வ் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன் இரண்டு வாயிலும் தீக்குச்சியைச் செருகினார். பல நூறு ரூபாய் விலையுள்ள கட்டுமான விளையாட்டுப் பெட்டியின் வேலையைச் சில காசுகளில் முடித்துவிட்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. லாரி ஆலைக்காரர் ஒருவர் கண்டுபிடித்ததை லாரி ஆலை ஊரில் கொடுக்கிறோம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இதற்கு மருந்து வைக்காத குச்சிதான் வேண்டும். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் உறவினர் இருந்தால் எளிதாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தீப்பெட்டிக் குச்சியின் தலையைத் தண்ணீரில் ஊற வைத்து, மருந்தை முழுக்கச் சுரண்டி எடுத்து, வெயிலில் காய வையுங்கள். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். மருந்து ஒட்டிய ஒரு குச்சிகூடப் பைக்குள் போகக் கூடாது. வால்வ் டியூப் பழைய சைக்கிள் கடைகளில் அளந்து தருவார்கள். 1.5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள்.

ஒரு பைக்கு 12 குச்சி, 10 ரப்பர் துண்டு. சதுரத்துக்கு நான்கு குச்சி, நான்கு துண்டு. கூடாரத்துக்கு ஆறு குச்சி, நான்கு துண்டு. மீதி இரண்டு குச்சியும் இரண்டு துண்டும் உடைவதற்கும் தொலைவதற்கும். சதுரத்தை அப்படி இப்படி அழுத்தினால் சாயும். கூடாரத்தின் எந்தப் பக்கத்து முக்கோணத்தை அழுத்தினாலும் அசையாது. அவ்வளவுதான் பாடம். அதை விளக்கத்தாளில் எழுதிக் கெடுக்காதீர்கள். குழந்தையின் விரலுக்கே தெரிந்துவிடும். பிறகொரு நாள் கம்பெனி ஷெட்டின் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது அங்கே ஏன் இத்தனை முக்கோணம் என்பதும் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. கூடாரத்தின் நான்கு மூலையிலும் மூன்று குச்சிகள் சந்திக்கும். அதற்கு ரப்பர் துண்டின் நடுவில் ஊசியால் துளையிட வேண்டும். ரப்பர் துளை உடனே மூடிக்கொள்ளும்; குழந்தையால் தேடிச் செருக முடியாது. ஆகவே துளைத்த கையோடு நீங்களே கூராகச் சீவிய குச்சியை அதில் செருகிவிடுங்கள். இரண்டு குச்சிகளுக்கு ஒரு முனையில் மட்டும் ரப்பர், மூன்றாவது குச்சிக்கு இரு முனையிலும். இந்த மூன்றும் கூடாரத்தின் கால்கள். அடியில் இருக்கும் மூன்று ரப்பர்களையும் மூன்று குச்சிகளால் இணைத்து, உச்சி ரப்பரின் இரண்டு வாயிலும் மற்ற இரண்டு கால்களைச் செருகினால் வேலை முடிந்தது. படிக்கும்போது குழப்பமாக இருக்கும். ஒரு தடவை கையால் செய்துவிட்டால் பிறகு இந்தப் பத்தியே தேவைப்படாது.

இரண்டாவது, ஓலை. ஏரிக்கரைகளில் பனை மிச்சம் இருக்கும் ஊர்களில் பனையோலைக் காற்றாடி செய்யலாம். மற்ற இடங்களில் தென்னோலையே போதும். பழைய முறையில் காற்றாடியின் நடுவே கருவேல முள்ளைக் குத்துவோம். முள்ளைப் பையில் போட்டு அனுப்ப முடியாது. துடைப்பத்து ஈர்க்கை விரல் நீளம் ஒடித்து, முனையை மழுக்கிப் போடுங்கள். ஓலை ஓரிரு நாளில் சுருண்டு காய்ந்துவிடும். காலையில் கீறி அன்று மாலையே கொடுக்க முடிந்தால் மட்டும் இதை எடுங்கள். கடிகாரம், மோதிரம், பாம்பு எல்லாம் ஓலையில் செய்யலாம். பீப்பி மட்டும் வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா பகலில் உறங்கும் வீட்டுக்குள் பீப்பி அனுப்பிய நூலகத்தை யாரும் மன்னிக்கமாட்டார்கள். நாங்கள் அனுப்பினோம்.

மூன்றாவது, காகித மடிப்பு. கப்பல், கத்திக் கப்பல், தவளை என்று எல்லோருக்கும் தெரிந்தவைதான். அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுரம் சரியான சதுரமாக இருக்க வேண்டும். கோணலாக வெட்டிய தாளில் எந்தத் தவளையும் குதிக்காது.

எதைப் போடக் கூடாது

பட்டன் பேட்டரி, சிறு காந்தம், பலூன், ஸ்டேப்ளர் பின், ஜிகினாத் தூள், தெர்மாகோல் மணி. இவை எந்த வயதுக்கும் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த பையைத் திறந்து பார்க்கப்போவது அவள் இடுப்பில் இருக்கும் தம்பிதான். விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நம் பை விற்பனைக்கு அல்ல. ஆனாலும் அந்தத் தரநிலையில் இருக்கும் ஒரு சோதனையை இரவல் வாங்கிக்கொள்ளலாம். 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள் ஒரு பொருள் முழுதாக அடங்கினால் அது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். அட்டையைச் சுருட்டி அந்த அளவில் ஒரு குழாய் செய்து மேசையில் வையுங்கள். வால்வ் டியூப் துண்டு அதில் அடங்கும். ஆகவே அந்தப் பையின் மேல் ஒரு கைக்குழந்தைப் படம் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போடுகிறோம். கொடுக்கும்போது வாயாலும் சொல்கிறோம்.

"இவ்வளவு கம்பெனி இருக்கே, அங்கே வீணாகும் பொருளையெல்லாம் கேட்டு வாங்கலாமே?" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். உட்காரச் சொல்லுங்கள். ஸ்கிராப் என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் சத்தமாகச் சொல்பவர் யாரும் கைவினைக்காகச் சொல்வதில்லை. அது டெண்டர், காசு, ஆள்பலம் சேர்ந்த தனி உலகம். தவிர, எண்ணெய் பட்ட அட்டை, பெயர் தெரியாத ஃபோம், வெட்டிய தகடு எதுவும் குழந்தைக்கு ஆகாது. மளிகைக் கடையின் பிஸ்கட் பெட்டி அட்டையே போதும். நூலகத்தின் பழைய நாளிதழ்களையும் தொடாதீர்கள். அவை கணக்கில் உள்ளவை. எடைக்குப் போட்டதற்கு ரசீது வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய பேப்பரைக் கொண்டுவாருங்கள்.

பை நிரப்பும் மேசை

இந்த ஒரு விஷயத்தில் நம் வட்டாரத்துக்கு இணை கிடையாது. அசெம்பிளி லைனில் வேலை செய்யும் அக்காமார் நான்கு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வரச் சொல்லுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி ஒன்றிலேயே 18,720 பெண்கள் தங்க இடம் இருக்கிறது. தனியார் விடுதிகள் வேறு எத்தனையோ. வார விடுமுறையில் துணி துவைத்து முடித்தபின் என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் அங்கே பலர். வீட்டில் விட்டு வந்த தம்பி தங்கையை நினைத்துக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு நீங்கள் எதையும் கற்றுத்தர வேண்டாம். எந்த டிரே எந்தப் பக்கம், யார் கை எங்கே என்று அவர்களே மேசையை மாற்றி வைப்பார்கள்.

நான் வேலை பார்த்த லைனில் சொல்லித்தந்த ஒரு கதை இங்கே உதவும். 1961-இல் ஜப்பானில் யமாதா என்ற மின்பொருள் ஆலையில் சுவிட்சுக்குள் இரண்டு சிறு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். முதலாளி திட்டினார், எச்சரித்தார், பலன் இல்லை. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் வந்து ஒரு சிறு தட்டை வைத்தார். சுவிட்சைக் கையில் எடுக்கும் முன் இரண்டு ஸ்பிரிங்குகளை எண்ணித் தட்டில் போடு. வேலை முடிந்ததும் தட்டில் எதுவும் மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டாய் என்று பொருள். நம் கம்பெனிச் சுவர்களில் ‘போக்கா யோக்கே’ என்று எழுதியிருப்பது இந்த வகை ஏற்பாட்டைத்தான்.

அதையே செய்யுங்கள். வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு. 12 குச்சி, 10 ரப்பர், ஒரு விளக்கத்தாள் எல்லாவற்றையும் முதலில் தட்டில் பரப்புங்கள். காலில் செருகிய ரப்பரையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு பைக்குள் தள்ளுங்கள். தட்டு காலியானால்தான் பையின் வாயை மடிக்க வேண்டும். அட்டைப்பெட்டியிலிருந்து நேரே பைக்குப் போகும் கை கட்டாயம் தவறு செய்யும். ஒரு குச்சி குறைந்தால் உங்களுக்கு அது ஒரு குச்சி. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தை தனக்குத்தான் செய்யத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் பையை நிரப்பியதும் நிறுத்துங்கள். அதை நன்றாகப் பேசத் தெரிந்த உங்கள் பிள்ளையிடம் கொடுக்காமல், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். விளக்கத்தாளில் எழுத்தே இருக்கக் கூடாது. படமும் 1, 2, 3 என்ற எண்ணும் மட்டும். குழந்தை எந்தப் படத்தில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ அந்தப் படம் தவறு. அதைத் திருத்தி வரைந்த பிறகே மற்ற பைகளை நிரப்புங்கள்.

பைக்கு எது? மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை கொடுக்க ஆசைதான்; விலை கட்டாது. செய்தித்தாளில் மடித்த உறை போதும். ஆனால் பையைக் கொடுக்க எல்லோரும் ஆசைப்படும் காலம், நவம்பர் 14 முதல் 20 வரையிலான நூலக வார விழா. அது நடுமழைக்காலம். அந்த வாரத்தில் தாள் ஈரம் குடிக்கும், குச்சி வளையும். உறையைப் பழைய நாட்காட்டியின் வழுவழுப்பான தாளில் மடியுங்கள். நிரப்பிய பைகளைத் தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

செலவு

பைக்கு 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நீங்களே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் வட்டத்தின் உண்டியலே இதைத் தாங்கும். பெரிதாக நடத்தும் எண்ணம் வந்தால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொது நூலகம் அமைப்பதும் மரபுக் கைவினைகளை வளர்ப்பதும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கடிதத்தில் அந்த அட்டவணையைக் குறிப்பிடுங்கள். நூலகர் வழியாக, மாவட்ட நூலக அலுவலருக்குத் தெரியப்படுத்திவிட்டு அனுப்புங்கள். பணம் வந்தால் பையின் மேல் கம்பெனி முத்திரை பெரிதாக வேண்டும் என்பார்கள். சிறிதாகப் போட ஒப்புக்கொள்ளுங்கள். குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கொடுத்த பிறகு

எத்தனை பை கொடுத்தோம் என்பது வெறும் எண்ணிக்கை. செய்ததை எத்தனை பேர் திரும்பக் கொண்டுவந்து காட்டினார்கள் என்பதை எழுதி வையுங்கள். ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் அவற்றை மாட்டுங்கள். பெயர் மட்டும் போதும். பள்ளி, தெரு, தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். விளக்கத்தாளின் பின்பக்கம் ஒரு நூலின் அட்டைப் படத்தையும் அது இருக்கும் அலமாரி எண்ணையும் போட்டிருப்பீர்கள். காற்றாடி கொடுத்தால் காற்று பற்றிய நூல், கூடாரம் கொடுத்தால் வீடு கட்டும் நூல். செய்ததைக் காட்ட வரும் குழந்தையை அந்த அலமாரிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். கைவினைப் பை கொடுத்ததன் நோக்கமே இந்தப் பத்தடி நடைதான்.

முதல் மாதம் 30 பைகள் போதும்; 100 வேண்டாம். 30-ஐயும் கொடுத்த பிறகு, இரண்டு பைகளுக்கான பொருளைத் தனியே எடுத்து மேசை இழுப்பறையில் வையுங்கள். "என் பையில ஒண்ணு குறையுது" என்று ஒரு குழந்தை வந்து நிற்கும். தட்டு வைத்து எண்ணியும் வரும். ஏன், எப்படி என்று விசாரிக்காமல் எடுத்துக் கொடுங்கள்.